விடுமுறை நாளின் வானொலி – கடிதம்

வணக்கம் ஐயா,

ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை, பிரிட்டனில் அன்று விடுமுறை என்று தெரியாமலே பிபிசி ரேடியோ 4-ஐ இணையத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்தபோது உலகச் செய்தி. பிறகு அரசியல் பேட்டி, புத்தகம் பற்றிய உரையாடல், ஏதோ கிராமத்துத் தொடர்நாடகம், புதிர்ப்போட்டி, நகைச்சுவை. மறுநாள் விடியற்காலையில் மந்திரம் ஓதுவதுபோல் கடல்களின் பெயர்கள். பாட்டு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதில் ஒழுங்கு ஏதும் உண்டா, இல்லை கையில் கிடைத்ததைப் போடுகிறார்களா? விடுமுறைக்கென்று எதை மாற்றுகிறார்கள்? இணையத்தில் பார்த்த அட்டவணையும் நான் கேட்டதும் ஒத்துவரவில்லை.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சின்னதாக ஓர் இணைய வானொலி நடத்துகிறோம். வரும் பொங்கலன்று எட்டு மணி நேரம் பாட்டில்லாமல் பேச்சு மட்டும் ஒலிபரப்ப ஆசை. எங்கே இடறும் என்று சொல்ல முடியுமா?

க.மு.,
கும்பகோணம்

அன்புள்ள க.மு.,

காலை ஆறு மணிக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நீங்கள் அப்போது கேட்டது ரேடியோ 4-இன் நிகழ்ச்சியே இல்லை. லண்டனில் இரவு 1 மணிக்கு ரேடியோ 4 கடையைக் கட்டிவிடும். அதற்குச் சற்று முன் அவர்களுடைய தேசிய கீதம் ஒலிக்கும். பிறகு விடியற்காலை ஐந்து மணியளவு வரை அதே அலைவரிசையில் பிபிசியின் உலக சேவை ஓடும். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால், கும்பகோணத்தில் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை, பத்து மணி வரை நீங்கள் கேட்பதெல்லாம் உலக சேவைதான். 1941 மே மாதம் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை சிற்றலையில் வந்த தமிழோசை இந்த உலக சேவையைச் சேர்ந்தது. ரேடியோ 4 பிரிட்டனில் இருப்பவர்களுக்கென்று நடத்தப்படும் உள்நாட்டு நிலையம். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய.

அட்டவணை ஒத்துவராததற்குக் கடிகார மாற்றமும் காரணமாக இருக்கலாம். மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி திருப்புவார்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி. ஆகஸ்டில் நாலரை என்று நினைவிருந்தால் போதும், பெரிய வம்பு ஈஸ்டரில்தான். 2024-இல் ஈஸ்டர் ஞாயிறும் கடிகாரம் மாறும் ஞாயிறும் மார்ச் 31 ஆகவே அமைந்துவிட்டன. புனித வெள்ளியன்று ஐந்தரை மணி கூட்டிக் கேட்டவர், ஈஸ்டர் திங்களன்றும் அதையே கூட்டியிருந்தால் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தேடிப்போயிருப்பார். கணக்குப் போடுவதைவிட, கைபேசியின் உலகக் கடிகாரத்தில் லண்டனைச் சேர்த்துவைத்துக்கொள்வது நல்லது.

'பிபிசி சவுண்ட்ஸ்' செயலி 2025 ஜூலையிலிருந்து பிரிட்டனுக்கு வெளியே கிடையாது. பிபிசியின் பொது இணையதளத்திலும் பிபிசி செயலியிலும் ரேடியோ 4 நேரலையாகக் கிடைக்கிறது. ஆனால் இணையத்தில் வருவது பல நொடிகள் பிந்தித்தான் வரும். மணி ஆவதைக் காட்டும் அவர்களுடைய 'பீப்' ஒலியைக் கேட்டு யாரும் கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள்.

இனி ஒழுங்கைப் பற்றி. 1967 செப்டம்பர் 30 அன்று பிபிசி தன் வானொலிகளை ரேடியோ 1 முதல் ரேடியோ 4 வரை நான்காகப் பிரித்தபோது, புதிய பாப் பாட்டு ஒன்றுக்கும், மெல்லிசை இரண்டுக்கும், செவ்வியல் இசை மூன்றுக்கும் போயிற்று. பேச்சு நான்காவதின் பங்கு. பாட்டில்லாத நாளைப் பற்றிய முக்கியமான செய்தி, பாட்டு போனால் நேரத்தைச் சரிக்கட்டும் வசதியும் போய்விடும் என்பது. பாட்டு நிலையத்தில் பேச்சு நீண்டுவிட்டால் பாட்டைப் பாதியில் மங்கவிடலாம், குறைந்துவிட்டால் இன்னொரு சரணத்தை ஓடவிடலாம். பேச்சு நிலையத்தில் கொலைகாரன் யார் என்று நாடகத்தில் சொல்லவரும் நேரத்தில் ஒலியைக் குறைக்க முடியாது. ஆகவே ரேடியோ 4 ஒரு நாளின் ஒலிபரப்பை நிகழ்ச்சிகளைக் கொண்டு கட்டுவதில்லை, நிமிடங்களைக் கொண்டு கட்டுகிறது. எந்தப் பேச்சு வேண்டுமானாலும் மாறும், அது வரும் மணி மாறாது.

திங்கட்கிழமையின் வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். காலை 6 முதல் 9 வரை 'டுடே', செய்தியும் பேட்டியும். 9 மணிக்கு, புதிய நூல்களை எழுதியவர்கள் சிலரை ஒரே மேசையில் உட்காரவைக்கும் உரையாடல். பிற்பகல் 1 மணிக்குச் செய்தி. 2 மணிக்கு நீங்கள் சொன்ன கிராமத்துத் தொடர், அது 'தி ஆர்ச்சர்ஸ்'. 2:15-க்கு முக்கால் மணி நேர நாடகம். 3 மணிக்குப் புதிர்ப்போட்டி. 5 மணிக்குச் செய்தி அலசல், 6 மணிக்கு பிக் பென் மணியோசையோடு செய்தி, 6:30-க்கு நகைச்சுவை, 7 மணிக்கு 'ஆர்ச்சர்ஸ்' புதிய அத்தியாயம். இரவு 10:45-க்குப் புத்தக வாசிப்பு. நள்ளிரவு தாண்டி 12:48-க்குக் கடல் வானிலை. கோடையில் நம் கணக்கில் ஆர்ச்சர்ஸ் இரவு 11:30, கடல் வானிலை மறுநாள் விடியற்காலை 5:18.

இந்த வரிசையில் கவனிக்கவேண்டியது, ஒவ்வொரு நிகழ்ச்சியும் நம்மிடம் எவ்வளவு காதைக் கேட்கிறது என்பது. இரண்டே காலுக்கு வரும் நாடகத்துக்கு இரண்டு காதும் வேண்டும், ஒரு வசனம் தப்பினால் கதை போச்சு. மூன்று மணிப் புதிருக்குப் பாதிக் காது போதும், ஒரு கேள்வி தவறினால் அடுத்தது இருக்கிறது. ஆறு மணிச் செய்தி கனமானது, உடனே ஆறரைக்குச் சிரிப்பு. கனமான இரண்டை அடுத்தடுத்து வைத்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். லேசான இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இருப்பார், ஆனால் கேட்கமாட்டார். நகைச்சுவையிலும் சட்டம் கறார்தான். 1967 டிசம்பரில் தொடங்கிய 'ஜஸ்ட் எ மினிட்' போட்டியில் கொடுத்த தலைப்பைப் பற்றித் தயங்காமல், சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லாமல், விலகிப்போகாமல் 60 நொடி பேசவேண்டும். எளிதென்று நினைப்பவர்கள் ஒருமுறை வீட்டில் முயன்று பார்க்கலாம்.

ஆர்ச்சர்ஸ் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1951 ஜனவரி 1 முதல் நாடெங்கும் வருகிறது. (புத்தாண்டு நாள் அப்போது இங்கிலாந்தில் விடுமுறையாக இருக்கவில்லை, 1974-இல்தான் ஆயிற்று.) போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டில், விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கதையோடு கலந்து சொல்லவே அதைத் தொடங்கினார்கள். வேளாண் அமைச்சகத்தின் கை அதில் 1972 வரை இருந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் ஏறக்குறைய 13 நிமிடம். விடுமுறை நாளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், கதைக்குள் நடக்கும் தேதியும் ஒலிபரப்பாகும் தேதியும் பெரும்பாலும் ஒன்றே. ஊரில் விடுமுறை என்றால் கதையிலும் விடுமுறை. ஆனால் பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்கும். 2001-இல் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது, விவசாயிகளைப் பற்றிய தொடரில் அதைப் பேசாமல் இருக்கமுடியாது என்பதால், புதிய காட்சித் துண்டுகளைப் பதிவுசெய்து பழைய அத்தியாயங்களுக்குள் செருகினார்கள். முன்பதிவை நம்பும் எவரும் இப்படி ஒரு செருகலுக்கு வழி வைத்திருக்கவேண்டும்.

சரி, விடுமுறையில் என்ன மாறுகிறது? 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து வங்கிகளுக்குக் கொடுத்த நான்கு விடுமுறைகளில் ஒன்று ஆகஸ்ட் முதல் திங்கள். 1965 முதல் அதை மாதக் கடைசிக்கு நகர்த்திப் பார்த்து, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலையாக்கினார்கள். ஸ்காட்லாந்தில் இன்றும் அது மாதத்தின் முதல் திங்கள்தான். ஆக நீங்கள் கேட்ட நாள் இங்கிலாந்துக்கு விடுமுறை, எடின்பரோவில் இருப்பவருக்குச் சட்டப்படி அந்த விடுமுறை வந்துபோய் மூன்று நான்கு வாரம் ஆகிவிட்டது. ரேடியோ 4 இருவருக்கும் ஒன்றே.

நாடாளுமன்றம் கூடாத, அலுவலகங்கள் பூட்டிய நாளில் செய்திக்குத் தீனி குறைவு, ஆளும் குறைவு. அதனால் செய்தி அலசல்களின் நீளம் குறைவதுண்டு. விடுபட்ட நேரத்தில் முன்பதிவு செய்த நீண்ட நிகழ்ச்சி உட்காரும். கேட்பவரும் வேறு. வேலைக்குக் கிளம்பும் அவசரம் இல்லை. காரில் கடற்கரைக்குப் போகிறார், தோட்டத்தில் இருக்கிறார், அடுப்படியில் நிற்கிறார். நீளமானதைக் கொடுத்துப்பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. 2000 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடுமுறையில், ஹாரி பாட்டரின் முதல் நாவலை ஸ்டீஃபன் ஃப்ரை வாசிக்க, எட்டு மணி நேரத்துக்கு அதையே ஒலிபரப்பினார்கள். 2015 புத்தாண்டு நாளில் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' பத்து மணி நேர நாடகமாக, பத்துப் பகுதிகளாக நாள் முழுக்கப் பரவியிருந்தது. 2025 புத்தாண்டு நாளில், பிபிசியில் கடல் வானிலை அறிக்கைக்கு நூறாண்டு என்று நாளெல்லாம் அதைப் பற்றியே சிறப்பு நிகழ்ச்சிகள்.

என் கணிப்பில் டால்ஸ்டாய் நாள்தான் கெட்டிக்காரத்தனமான அமைப்பு. தொடர்ச்சியான வாசிப்பில் நடுவில் வந்து சேர்பவர் அந்நியர். பத்துத் துண்டுகளாக இருந்தால் நுழைய பத்து வாசல். நீங்கள் பொங்கலுக்கு ஒரு நாவலையோ நீண்ட பேட்டியையோ நினைத்திருந்தால், துண்டாக்கி நாளெங்கும் தூவுங்கள்.

நீங்கள் மந்திரம் என்ற கடல் வானிலைக்கு வருகிறேன். அது மந்திரமாகக் கேட்பதற்குக் காரணம் அதன் சிக்கனம். பிரிட்டன் வானிலை அலுவலகம் எழுதும் இந்த அறிக்கைக்குச் சொல் வரம்பு 350. பின்னிரவு அறிக்கையில் மட்டும் டிரஃபால்கர் என்ற கடல் பகுதியும் சேர்வதால் 380. மொத்தம் 31 கடல் பகுதிகள். வடகிழக்கில் நார்வே பக்கத்து வைக்கிங்கில் தொடங்கி, கடிகாரச் சுற்றாகத் தீவைச் சுற்றி, தென்கிழக்கு ஐஸ்லாந்தில் முடியும். வரிசை என்றும் மாறாது. மாலுமி தன் பகுதி எத்தனையாவதாக வரும் என்று அறிந்து பென்சிலோடு காத்திருப்பார். ஒவ்வொரு பகுதிக்கும் காற்று, கடல் நிலை, வானிலை, பார்வைத் தூரம் என்ற அதே ஒழுங்கு. தமிழில் ஒரு மாதிரி சொன்னால் இப்படி இருக்கும்: "டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட். தென்மேற்கு 5 முதல் 7, பிற்பாடு 4. கொந்தளிப்பு. மழை. நன்று, சில வேளை மோசம்." 5, 7 என்பவை போஃபர்ட் அளவில் காற்றின் வேகம். 8 வந்தால் புயல்காற்று எச்சரிக்கை. 'நன்று' என்றால் 5 கடல் மைலுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும், 'மோசம்' என்றால் 2 கடல் மைலுக்குள். 'உடனடி' என்றால் 6 மணி நேரத்துக்குள், 'விரைவில்' என்றால் 6 முதல் 12, 'பிற்பாடு' என்றால் 12 முதல் 24 மணி நேரம். சாதாரணப் பேச்சில் வழவழவென்று கிடக்கும் சொற்களுக்கு இங்கே மணிக்கணக்கு உண்டு.

அதற்கு முன்னால் வரும் மெல்லிசையையும் கேட்டிருப்பீர்கள். ரொனால்ட் பிஞ்ஜ் அமைத்த 'செயிலிங் பை'. அது அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. சரியாக 12:48-க்கு அறிக்கை தொடங்கவேண்டும். முந்தைய நிகழ்ச்சி எந்த நொடியில் முடிந்தாலும், மிச்சமுள்ள இடைவெளியை அறிவிப்பாளர் இந்த இசையால் நிரப்புகிறார். சில இரவு நீளமாகக் கேட்கும், சில இரவு கொஞ்சம்தான். கடலில் அலைவரிசையைத் தேடித் திருகுபவருக்கு 'இதுதான் நிலையம்' என்ற அடையாளமும் ஆகிறது. பேச்சு நாள் முழுவதிலும் அறிவிப்பாளரின் இஷ்டத்துக்கு நீளவும் குறுகவும் கூடிய இசை என்று பார்த்தால் அநேகமாக இது ஒன்றுதான்.

பகலில் அதே வேலையை அறிவிப்பாளரின் வாயே செய்கிறது. பின்னிருந்து எண்ணுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிச் செய்திக்கு முன் ஆறு 'பீப்'. 1924 பிப்ரவரி 5 முதல் இருக்கும் வழக்கம். 2:59:55-க்கு முதல் பீப், நொடிக்கொன்றாக ஐந்து குட்டை, ஆறாவது நீளம். அந்த நீள ஒலி தொடங்கும் கணம்தான் 3 மணி. நாடகம் 2:58:20-க்கு முடிகிறது என்றால் கையில் 95 நொடி. நடித்தவர் பெயர்களுக்கு 15, இரவு நிகழ்ச்சிக்கான முன்னோட்டம் 40, நாளைக்கானது 30. ஆயிற்று 85. மிச்சம் 10 நொடியில் நிலையத்தின் பெயரும் ஒரு மூச்சும். பீப் ஒலியின் மேல் பேச்சு ஏறுவது அங்கே பெரிய குற்றம். அதனால் அரை மணி நேர இடத்துக்கு நிகழ்ச்சி 28 நிமிடத்தை ஒட்டியே தயாராகும், கால் மணி இடத்துக்கு 14-ஐ ஒட்டி.

உங்கள் எட்டு மணி நேரத்துக்கு வருவோம்.

முதலில் அசையாத நிமிடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு மணியும் சரியாக 00-இல் நேரமும் அடுத்து வருவதும் சொல்லப்படட்டும். நாள் முழுக்க நீளும் ஒரு தொடர்கதை அன்று நான்கு வேளை என்றால், நான்கும் மணி தாண்டி ஒரே நிமிடத்தில் வரட்டும். கேட்பவருக்குப் பழகிவிடும்.

எழுத்தின் நீளத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். ஆங்கிலத்தில் கால் மணி வாசிப்புக்கு 2,100 சொல் வரை போகும். அந்தக் கணக்கைத் தமிழுக்கு வைத்தால் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும். நம் சொற்கள் நீளம், விகுதிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு வருபவை. நிதானமான வாசிப்புக்கு நிமிடத்துக்கு 100 சொல் என்று தொடங்கி, உங்கள் வாசிப்பாளரை ஒரு பக்கம் படிக்கச்சொல்லி நேரம் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் வேறுபடும். 14 நிமிடத்துக்கு 1,400 சொல்லைத் தாண்டவேண்டாம். எழுதியது மிஞ்சினால் வேகமாக வாசிப்பது வழி இல்லை, வெட்டுவதுதான் வழி.

நான்கு பேர் பேசும் உரையாடலை 28 நிமிடத்துக்குச் சுருக்கவேண்டுமானால் 45 நிமிடம் பதிவுசெய்யுங்கள், இரண்டு மணி நேரம் வேண்டாம். பதிவு நீள நீள வெட்டும் வேலை பலமடங்காகும், பேசுபவர்களும் முதல் அரை மணிக்குப் பிறகு சொன்னதையே சுற்றுவார்கள்.

வெவ்வேறு இடத்தில் பதிவானவை அடுத்தடுத்து வரும்போது ஒலியளவு துள்ளும். நாடகத்தில் கிசுகிசுப்பு, அடுத்து பேட்டியில் அதட்டல். எல்லாக் கோப்புகளையும் ஒரே அளவுக்கு, இணையப் பேச்சென்றால் வழக்கமான −16 எல்.யூ.எஃப்.எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் ஒலியளவை அளக்கும் அலகு) கொண்டுவந்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். கணினித் திரையில் தெரியும் ஒலியலைப் படத்தின் உயரத்தை மட்டும் பார்த்துச் சமப்படுத்தினால் காதுக்குச் சமமாகாது.

நிரப்பிகள் தயாராக இருக்கட்டும். 20, 40, 60 நொடி அளவில் பத்துப் பன்னிரண்டு. பழமொழி விளக்கம், பேருந்து நேரம், இரவில் வரப்போகும் நிகழ்ச்சிக்கு முன்னோட்டம், எதுவானாலும் சரி. நேரலையில் ஒருவர் வராமல் போனால் 28 நிமிட மாற்று ஒன்றும் கைவசம் வேண்டும். அதில் தேதியோ 'இன்று காலை' என்ற பேச்சோ வரக்கூடாது.

இன்னொன்று. நாள் முழுக்க முன்பதிவு ஓடினாலும் நிறுத்த ஒருவர் முழித்திருக்கவேண்டும். 2004 டிசம்பர் 26, பிரிட்டனில் பாக்ஸிங் டே. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது லண்டன் நேரம் இரவு 12:58. ரேடியோ 4-இன் வழக்கமான அட்டவணைப்படி கடல் வானிலை முடியும் தறுவாய். நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் என்ன ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எந்த வானொலியிலும் ஆள் மிகக் குறைந்த நாள் விடுமுறை நாள்தான். சாவு, வெள்ளம், விபத்து என்று ஏதேனும் நேர்ந்தால் எந்தெந்தக் கோப்பை உடனே நீக்கவேண்டும் என்று முந்தின நாளே குறித்துவையுங்கள். நகைச்சுவையை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். படகுப் பயணம் பற்றிய ஓர் இனிமையான கதையை அன்றைக்கு நீக்கவேண்டும் என்பது பதற்றத்தில் யாருக்கும் தோன்றாது.

கடைசியாக உரிமை. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழியாத எழுத்துக்கு நம் நாட்டில் காப்புரிமை உண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியலிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. மற்றவர்களிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தில் வாசித்துப் பதிவுசெய்வது, இணையத்தில் ஒலிபரப்புவது, பிறகு தளத்தில் கேட்கக் கிடைக்கும்படி வைத்திருப்பது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முதல் இரண்டுக்கு உடனே சரி என்பவர்கள் மூன்றாவதற்குத்தான் யோசிப்பார்கள்.